டரான்டுலா: சட்டை உரிப்பும் இரை எடுப்பும் – வளர்ப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

டரான்டுலா என்னும் மயிரடர்ந்த பெரிய சிலந்தியை வளர்க்கத் தொடங்கியவர்கள் பதறிக்கொண்டு கேட்கும் கேள்விகள் இரண்டு. "மூன்று வாரமாக ஒன்றும் தின்னவில்லையே?" "மல்லாந்து கிடக்கிறதே, செத்துவிட்டதா?" இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே விடைதான்: சட்டை உரிக்கப் போகிறது, அல்லது உரித்துக்கொண்டிருக்கிறது. தின்பது, பட்டினி கிடப்பது, சட்டை கழற்றுவது எல்லாம் இந்தச் சிலந்திக்கு ஒரே சுற்று. சிலந்தி இப்போது அந்தச் சுற்றில் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் கை வைக்கும்போதுதான் கெடுதல் வருகிறது. உரிக்கும் நேரத்தில் உயிருள்ள பூச்சியை உள்ளே விடுவது, மல்லாந்ததைத் திருப்பிப் போடுவது, நச்சுப்பல் இறுகும் முன்பே இரை கொடுப்பது ஆகிய மூன்றும் அப்படி வரும் தவறுகளே.

வயிறுதான் அளவுகோல்

டரான்டுலாவின் உடலில் இரண்டு பாகங்கள். முன்பாகத்தில் கால்கள், கண்கள், நச்சுப்பற்கள் இருக்கின்றன. அதன் மேல் கவசம் போல ஒரு முதுகோடு. பின்பாகம் மெத்தென்ற வயிறு. முதுகோடும் கால்களும் ஒரு சட்டைக்கும் அடுத்த சட்டைக்கும் இடையில் துளிகூட வளராது. வயிற்றுத் தோல் மட்டும் விரிந்து கொடுக்கும். ஆகவே தின்றது எவ்வளவு, தண்ணீர் போதுமா, அடுத்த சட்டை எவ்வளவு தூரம் என்பதெல்லாம் வயிற்றில்தான் தெரியும்.

மேலிருந்து பாருங்கள். வயிற்றின் அகலம் முதுகோட்டின் அகலத்துக்குச் சமமாகவோ அதைப்போல ஒன்றரை மடங்கு வரையோ இருந்தால் சரி. முதுகோட்டைவிடச் சிறுத்து, சுருக்கம் விழுந்திருந்தால் முதல் சந்தேகம் தாகம். இரை போடும் முன் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புங்கள். இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டால் இரையை நிறுத்திவிடலாம். பருத்த வயிறு தரையில் உரசும், புண்ணாகும். அதைவிட ஆபத்து, விழுந்தால் வயிறு கிழிவது. தரையில் வாழும் இனங்களின் பெட்டியில் மண்ணுக்கும் மூடிக்கும் இடையிலான உயரம் சிலந்தியின் கால் விரிப்பைப்போல (விரித்த ஒரு கால் நுனியிலிருந்து எதிர்ப்பக்கக் கால் நுனி வரையான நீளம்) ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். உயரம் அதிகம் என்றால் பெட்டியை மாற்ற வேண்டாம், மண்ணைக் கூட்டினால் போதும்.

எந்த வயதில் எவ்வளவு

கால் விரிப்பு 3 – 4 செ.மீ. வரை உள்ள குஞ்சுகளுக்கு 4 – 5 நாளுக்கு ஒருமுறை. குஞ்சுகள் செத்த பூச்சியையும் தின்னும் என்பது வளர்ப்பவருக்குப் பெரிய வசதி. சுவர்க்கோழியின் பின்னங்காலைப் பிய்த்தோ மீல்வார்ம் புழுவை அரிசி அளவுக்கு நறுக்கியோ வளை வாசலில் வைத்துவிடலாம். பறக்காத பழ ஈயும் நல்லது. அதைவிடப் பெரிய இளசுகளுக்கு 7 – 10 நாளுக்கு ஒன்று. வளர்ந்த பெண்ணுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு பெரிய சுவர்க்கோழியோ டூபியா கரப்பானோ போதும். கிராமோஸ்டோலா போன்ற நிதானமான இனங்களுக்கு மாதம் ஒன்று என்றாலும் குறை இல்லை. இவை கைக்கணக்குகள்தாம். வயிறு சொல்வதற்கும் கணக்குக்கும் முரண் வந்தால் வயிறு சொல்வதைக் கேளுங்கள்.

உயிருள்ள இரையின் உடல் நீளம் சிலந்தியின் வயிற்று நீளத்தைத் தாண்டக் கூடாது. சந்தேகம் என்றால் சிறியதையே தேர்ந்தெடுங்கள். பெரிய இரையைக் கண்டு குஞ்சு ஒளிந்துகொள்வது சாதாரணம். அதைப் பசியில்லை என்று தவறாக எடுத்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு இரைக்கும் ஒரு குணம் உண்டு. சுவர்க்கோழி ஓடித் திரியும், சிலந்தியின் கவனத்தை எளிதில் இழுக்கும், ஆனால் கடிக்கும். டூபியா மண்ணுக்குள் புகுந்து அசையாமல் கிடந்துவிடும். தலையை இடுக்கியால் நசுக்கிவிட்டுப் போட்டால் கால்கள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும், சிலந்தி கண்டுபிடித்துவிடும். மீல்வார்மும் அப்படித்தான் புதைந்துகொள்ளும். பல வாரம் கழித்து வண்டாக வெளியே வரும். சூப்பர்வார்ம் என்னும் பெரிய புழுவுக்குத் தாடை வலுவானது, தலையை நசுக்காமல் அதைப் போடவே போடாதீர்கள்.

இரைப் பூச்சிக்குக் கேரட், கீரை, ஓட்ஸ் என்று ஒன்றிரண்டு நாள் நன்றாகத் தின்னக் கொடுத்துவிட்டுப் போடுங்கள். பூச்சியின் வயிற்றில் இருப்பதுதான் சிலந்திக்குப் போகிறது. பல்லி, ஓணான் வளர்ப்பவர்கள் தூவும் கால்சியம் பொடி இங்கே தேவையில்லை. சிலந்தியின் சட்டை கைட்டின் என்னும் உறுதியான பொருளும் புரதமும் சேர்ந்தது, எலும்பு போலக் கால்சியத்தால் ஆனதல்ல. வீட்டிலும் தோட்டத்திலும் பிடித்த பூச்சிகள் வேண்டாம். பூச்சிமருந்து பட்டிருந்தால் சிலந்தியும் ஒரு பூச்சி போலவே சாகும். பூரான், எறும்பு, கும்பிடுபூச்சி போன்ற வேட்டைக்காரர்களையும் உள்ளே விடாதீர்கள். எலிக்குஞ்சு கொடுக்கும் பழக்கம் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை, சிலந்திக்குத் தேவையே இல்லை. மிச்சம் அழுகி நாறுவதுதான் பலன்.

இரை போடும் முறை

மாலையில் வெளிச்சம் மங்கிய பிறகு போடுங்கள், இவை இரவில் நடமாடுபவை. மூடியைத் திறக்கும் முன் சிலந்தி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான மெல்லிய தூரிகையால் பின்னங்காலை லேசாகத் தொட்டுப் பார்க்கலாம். பாய்ந்து வந்தால் பசி. நகர்ந்து போனாலோ முதுகைக் காட்டி வயிற்று முடியைத் தேய்த்து உதறினாலோ அன்றைக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

பூச்சியை நீண்ட இடுக்கியால் பிடித்து, சிலந்திக்கு ஓரிரு அங்குலம் தள்ளி விடுங்கள். இடுக்கியில் பிடித்தபடியே வாயருகே நீட்டாதீர்கள். உலோகத்தின் மேல் பாய்ந்து கடித்தால் நச்சுப்பல் உடையும். 24 மணி நேரத்தில் பிடிக்காத பூச்சியை எடுத்துவிட வேண்டும். இதில் சலுகையே இல்லை.

டரான்டுலா மென்று விழுங்குவதில்லை. நஞ்சை ஏற்றி, செரிமான நீரை இரையின் மேல் விட்டுக் கரைத்து உறிஞ்சும். மிஞ்சுவது ஈரமான ஒரு சக்கை உருண்டை. மறுநாள் அதைத் தேடி எடுத்துவிடுங்கள். விட்டால் பூஞ்சை, அதன் பின்னால் மைட் என்னும் பொடிப் பேன்கள். மைட் பெருகிவிட்டால் மண்ணை முழுவதும் மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

தண்ணீர்

இரை தவறினால் மாதக்கணக்கில் தாங்கும் சிலந்தி, தண்ணீர் தவறினால் தாங்காது. சிறு பாட்டில் மூடி அளவிலாவது எப்போதும் ஒரு கிண்ணம் இருக்கட்டும். பஞ்சும் ஜெல்லும் வேண்டாம், கிருமி சேர்வதற்குத்தான் அவை உதவும். கிண்ணம் வைக்க இடமில்லாத குஞ்சுப் பெட்டியில் சுவரிலும் வலையிலும் வாரம் இரண்டு முறை சில துளிகள் தெளித்து, மண்ணின் ஒரு மூலையை ஈரமாக வையுங்கள். மூழ்கிவிடுமோ என்ற பயம் இருந்தால் கிண்ணத்தில் இரண்டு கூழாங்கல் போடலாம்.

சட்டை உரிப்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பழைய சட்டைக்கும் புதுத் தோலுக்கும் நடுவே ஒரு திரவம் சுரந்துதான் இரண்டையும் பிரிக்கிறது. உடலில் நீர் குறைந்த சிலந்திக்கு அந்த வழுவழுப்பு போதாமல் போகும், கால்கள் பழைய சட்டைக்குள்ளேயே மாட்டும். உரிக்கும் அன்று தெளிக்கும் தண்ணீரைவிட அதற்கு முந்தைய வாரங்களில் குடித்த தண்ணீரே முக்கியம். மூடியில் ஒட்டிய ஈரப்பத மீட்டரைப் பார்த்துக் கவலைப்படுவதைவிட, விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

உரிக்கப் போகிறது என்று எப்படித் தெரியும்

முதலில் இரையை ஒதுக்கும். பூச்சி மேலே ஏறினால்கூடப் பின்வாங்கும். வயிறு இறுகிப் பளபளக்கும். உடல் நிறம் மங்கி அழுக்கேறியது போல ஆகும். நடமாட்டம் குறையும். வளை உள்ளவை வாசலை மண்ணாலும் வலையாலும் அடைத்துக்கொள்ளும். குஞ்சுகள் பல வாரம் கண்ணிலேயே படாமல் போவது இதனால்தான். அடைத்த வளையைத் தோண்டிப் பார்க்காதீர்கள்.

இவற்றில் ஏமாற்றாத அடையாளம் வயிற்றின் வழுக்கை. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த தரைவாழ் இனங்கள் பல அரிப்பு முடியை உதறி உதறி வயிற்றின் மேல் ஒரு வழுக்கைத் திட்டை உண்டாக்கிக்கொள்ளும். சாதாரண நாளில் அது தோல் நிறத்தில் இருக்கும். உள்ளே புதுத் தோலில் புது முடி முளைத்ததும் அதே இடம் கருநீலமாகி, பிறகு கறுக்கும். நன்றாகக் கறுத்து, தோல் இழுத்துக் கட்டியது போல மினுங்கினால் நாள் நெருங்கிவிட்டது. ஆப்பிரிக்க, ஆசிய இனங்களுக்கு இந்த முடி கிடையாது; அவற்றில் நிறம் மங்குவதையும் வயிற்றுப் பருமனையும் வைத்தே ஊகிக்க வேண்டும்.

குஞ்சு ஒன்றிரண்டு வாரம் பட்டினி கிடந்து உரிக்கும். வளர்ந்த பெண் இரண்டு மூன்று மாதம், சில சமயம் இன்னும் நீண்ட காலம் கிடக்கும். பிராக்கிபெல்மா, கிராமோஸ்டோலா இனங்கள் சட்டை உரிப்பே இல்லாமல்கூட மாதக்கணக்கில் விரதம் இருக்கும். வயிறு நிறைந்திருந்து, தண்ணீரும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது வேறு: தின்னாமலும் வயிறு வற்றிக்கொண்டும் வருவது, நச்சுப்பற்களுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ அப்பியிருப்பது, கெட்ட வாடை. அது வாய்ப்பகுதியில் நூற்புழு தொற்றியதாக இருக்கலாம். நம்பகமான மருந்து கிடையாது. அந்தப் பெட்டியையும் அதில் புழங்கிய இடுக்கியையும் மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள்.

உரிப்பு நெருங்கிவிட்டால் செய்ய வேண்டியவை சிலவே. உள்ளே ஒரு பூச்சிகூட இல்லை என்று உறுதிசெய்யுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைத் தளும்ப நிரப்பி, ஒரு பக்க மண் நனையும்படி கொஞ்சம் வழிய விடுங்கள். வறண்ட நிலத்து இனம் என்றால் அதற்கு மேல் ஈரம் வேண்டாம். மரத்தில் வாழும் அவிகுலேரியாவுக்கு ஈரத்தைவிடக் காற்றோட்டம் முக்கியம். பெட்டி மாற்றுவது, சுத்தம் செய்வது, கையில் எடுப்பது எல்லாம் உரித்து முடியும் வரை கிடையாது.

உரிக்கும் நாள்

1. தரையில் வெண்மையாக ஒரு வலைப்பாய் விரிக்கும். சில இனங்கள் அரிப்பு முடியையும் அதில் கலந்து வைக்கும். அசைய முடியாத நேரத்தில் எறும்பு போன்றவற்றுக்கு எதிரான வேலி அது.

2. அதன் மேல் மெதுவாகப் புரண்டு மல்லாந்து படுக்கும். சில பக்கவாட்டில் படுக்கும், மரவாழ் இனங்கள் வலைக்குழலுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். செத்த சிலந்தி இப்படிக் கிடக்காது. டரான்டுலா காலை நீட்டுவது உடல் திரவத்தின் அழுத்தத்தால், மடக்குவது தசையால். உயிர் போகும்போது அழுத்தம் குறைந்து, நின்ற நிலையிலேயே எல்லாக் கால்களும் உடலுக்கு அடியில் சுருண்டுகொள்ளும். மல்லாந்து கால் விரித்திருந்தால் உயிர் இருக்கிறது. தொடாதீர்கள்.

3. வெகுநேரம் அசைவே இருக்காது. உள்ளுக்குள் வயிற்றிலிருந்து திரவத்தை முன்பாகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அழுத்தம் தாங்காமல் முதுகோட்டின் விளிம்பு பிளந்து, டப்பா மூடி போலத் திறக்கும். பிறகு வயிற்றுத் தோல் பக்கவாட்டில் கிழியும்.

4. கையுறையிலிருந்து விரலை உருவுவது போல எட்டுக் கால்கள், வாயோரத் துணைக்கால்கள் இரண்டு, நச்சுப்பற்கள் எல்லாவற்றையும் ஒன்றாக உருவும். தள்ளல், ஓய்வு, தள்ளல் என்று ஒரு தாளத்தில் நடக்கும். ஆபத்தான கட்டம் இதுதான்.

5. விடுபட்டதும் பழைய சட்டைக்குப் பக்கத்தில் துவண்டு கிடக்கும். பிறகு புரண்டு எழுந்து கால்களை நீட்டி மடக்கும். மூட்டுகள் நெகிழ்வாகவே இறுகுவதற்காகச் செய்யும் பயிற்சி அது. வலியில் துடிப்பதாக எண்ண வேண்டாம்.

குஞ்சு அரை மணி, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். பெரியவற்றுக்குப் பல மணி நேரம் ஆகும். படுத்த நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். முதுகோடு பிளந்த நேரத்திலிருந்து கணக்கு வையுங்கள். பளிச்சென்ற விளக்கு, பெட்டியைத் தட்டுவது, சிலந்தியின் மேல் தண்ணீர் தெளிப்பது எதுவும் வேண்டாம்.

மாட்டிக்கொண்டால்

முதுகோடு பிளந்து பல மணி நேரம் ஆகியும் கால்கள் வெளிவராமல், தள்ளும் அசைவும் ஓய்ந்துகொண்டே வந்தால் மட்டும் கை கொடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி கிளிசரின் கலந்து, மெல்லிய தூரிகையால் பழைய சட்டை ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் தடவுங்கள். 15 – 20 நிமிடத்துக்கு ஒருமுறை தடவினால் போதும். வயிற்றின் அடியில் வெளிறித் தெரியும் நான்கு திட்டுகள் சுவாச உறுப்புகள், அங்கே ஈரம் படக் கூடாது. கழன்ற முதுகோடு தொங்கிக்கொண்டு தடுத்தால் இடுக்கியால் அதை மட்டும் நீக்கலாம். காலைப் பிடித்து இழுக்கவே கூடாது, புதுத் தோல் வேகவைத்த சேமியா போல மென்மையானது.

ஒரே ஒரு கால் மட்டும் மாட்டி, மற்றதெல்லாம் விடுபட்டுச் சிலந்தி எழுந்துவிட்டதா? விட்டுவிடுங்கள். அந்தக் காலை அடிமூட்டில் தானே கழற்றிவிடும். அடுத்த உரிப்பில் மெல்லியதாக ஒரு கால் முளைக்கும், அதற்கடுத்த உரிப்புகளில் பழைய அளவுக்கு வந்துவிடும்.

ரத்தம் சிவப்பாக இருக்கும் என்று தேடாதீர்கள். சிலந்தியின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு கலந்த புரதம், அதனால் தெளிவாகவோ இளநீலமாகவோ கசியும். சிறு கசிவுக்குச் சோளமாவை ஒற்றி அடைக்கலாம். வயிற்றில் பட்ட காயத்துக்கு மெல்லிய காகிதத் துண்டை ஒட்டி விடுவதும் உண்டு. வயிறு அகலமாகக் கிழிந்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது.

நச்சுப்பல் கறுக்கும் வரை

புதுச் சட்டையில் நச்சுப்பற்கள் வெள்ளையாக இருக்கும். பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். முழுவதும் கறுத்த பிறகே இரை. குஞ்சுக்கு 3 – 5 நாள், இளசுக்கு 7 – 10 நாள், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரம். கண்ணாடிச் சுவரில் ஏறும்போது அடியிலிருந்து பார்த்தால் நிறம் தெரியும். அவசரப்பட்டு இரை போட்டால் நச்சுப்பல் வளையும் அல்லது முறியும். குஞ்சுக்கு அடுத்த மாதமே புதுப்பல் வந்துவிடும். ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உரிக்கும் பெண்ணுக்கு அதுவரை நசுக்கிக் கூழாக்கிய பூச்சியைத் தண்ணீர்க் கிண்ணத்தருகே வைத்துக் காலம் தள்ள வேண்டியிருக்கும்.

தண்ணீர் மட்டும் உரித்த அன்றே வேண்டும். முதல் இரை சின்னதாக, மென்மையாக, தலை நசுக்கியதாக இருக்கட்டும். வற்றிய வயிறு நிரம்பும் வரை அடுத்த இரண்டு மூன்று வேளைகளை வழக்கத்தைவிட நெருக்கமாகக் கொடுக்கலாம்.

உரிந்த சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

சிலந்தி விலகிப் போனதும், நீண்ட இடுக்கியால் சட்டையை எடுங்கள். அரிப்பு முடி அதிலும் இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஊதாதீர்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

முதலில் நலம் பார்க்க: முன்பாகச் சட்டையின் உட்பக்கத்தில் நச்சுப்பல் உறைகள் இரண்டும் இருக்கின்றனவா, நடுவே உறிஞ்சும் இரைப்பையின் உள்தோல் சிறு கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சிலந்தி அதையும் சேர்த்தே உரிக்கிறது. அந்த உள்தோல் உள்ளேயே தங்கிவிட்ட சிலந்தி பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும், ஆனால் இரையைப் பிடித்துவிட்டு உறிஞ்ச முடியாமல் கைவிடும்.

அடுத்து ஆணா பெண்ணா என்று பார்க்கலாம். சட்டை காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டுச் சில மணி நேரம் ஊற வையுங்கள். சுருண்ட வயிற்றுத் தோலை இரண்டு ஊசிகளால் கிழியாமல் விரித்து, உட்பக்கம் மேலே தெரியும்படி போடுங்கள். வெண்ணிறத் திட்டுகள் நான்கு தெரியும். முன்னிரண்டு திட்டுகளை இணைக்கும் மடிப்பின் நடுவில் தனியாக எழுந்து நிற்கும் மடலோ இரண்டு சிறு குமிழ்களோ இருந்தால் பெண். வெறும் மடிப்பாக இருந்தால் ஆணாக இருக்கலாம். 4 செ.மீ.க்குக் குறைந்த குஞ்சின் சட்டையில் வெறும் கண்ணால் சொல்வது கடினம், நல்ல உருப்பெருக்கி தேவை.

சட்டையின் முதுகோட்டு அகலத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று உரிப்பு எழுதியதும் அந்தச் சிலந்தியின் இடைவெளி பிடிபடும். வேகமாக வளரும் இனத்துக் குஞ்சுகள் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை உரிக்கும்; வளர வளர இடைவெளி நீளும். 22 – 27 பாகை செல்சியஸ் பெரும்பாலான இனங்களுக்குப் போதும். சூட்டையும் இரையையும் கூட்டினால் வளர்ச்சி வேகமாகும், ஆயுள் அந்த அளவுக்குக் குறையும். ஆண்களில் இது பளிச்சென்று தெரியும்.

ஆணின் கடைசிச் சட்டை

ஆண் டரான்டுலாவுக்கு ஓர் உரிப்புதான் இறுதி. அதிலிருந்து வெளிவரும்போது கால்கள் நீண்டு, வயிறு சிறுத்து, துணைக்கால் நுனிகள் குத்துச்சண்டைக் கையுறை போல உருண்டிருக்கும். பல இனங்களில் முன்னங்கால்களின் அடியில் கொக்கியும் இருக்கும். அதன் பிறகு பெட்டியைச் சுற்றிச் சுற்றி வரும், இரையை லட்சியம் செய்யாது. முதிர்ந்த ஆண் மறுபடி உரிக்க முயல்வது அரிது. முயன்றால் அந்த உருண்ட நுனிகளே சட்டைக்குள் மாட்டி, பெரும்பாலும் உயிரை வாங்கிவிடும். ஆகவே இதற்கு வளர்ச்சிக்காக இரை திணிக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு சின்னப் பூச்சி காட்டுங்கள், தொடாவிட்டால் மறுநாள் எடுத்துவிடுங்கள். இனத்தைப் பொறுத்துச் சில மாதங்களிலிருந்து ஓரிரு ஆண்டுகள் வரை இப்படி வாழும். அத்தனை நாளும் தண்ணீர்க் கிண்ணம் நிரம்பியிருக்கட்டும்.